ஓட்டை இல்லாத அடுக்கு இல்லை

அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த மேடையில் இலக்கியமும் வரலாறும் பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு கடைக்காரர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு பொருளை எடுங்கள் என்றார்கள். இது டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடை நடத்திய ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை. கேட்டதில் நியாயம் இருக்கிறது. சைபர் தாக்குதலிலிருந்து ஒரு தொழிலைக் காப்பது எப்படி, அதில் அடுக்குப் பாதுகாப்பு என்கிறார்களே அது என்ன என்பதை எடுத்துக்கொண்டேன். இதெல்லாம் குர்கான் கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் கவலை என்று யாராவது நினைத்தால், முதலில் நம் பக்கத்து வாசலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் மஞ்சள் தடத்தில் தெற்கே போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் எய்ம்ஸ். அங்கே வேலை பார்க்கும் நர்சுகளும் டாக்டர்களும் வேலை முடிந்து கறிவேப்பிலையும் மீனும் வாங்க உங்கள் கடைகளுக்குத்தான் வருகிறார்கள். 2022 நவம்பர் 23, புதன்கிழமை காலை, அந்த மருத்துவமனையின் இ-ஹாஸ்பிடல் மென்பொருள் நின்றுபோனது. புறநோயாளி பதிவு, உள்நோயாளி சேர்க்கை, பில், பரிசோதனைக்கூட முடிவு என்று அன்றாடம் நடக்கிற எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். நாட்டின் எந்த மூலையிலிருந்தெல்லாமோ ரயிலேறி வந்து விடியற்காலையில் வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்கு அது எப்படிப்பட்ட வாரமாக இருந்திருக்கும் என்பதை இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டெல்லி போலீஸ் வழக்குப் போட்டது. மிரட்டிப் பணம் பறித்தலோடு சைபர் பயங்கரவாதப் பிரிவும் அதில் சேர்ந்தது. இருநூறு கோடி ரூபாய் கேட்டார்கள் என்று செய்தி பரவியபோது போலீஸ் அதை மறுத்தது.

டிசம்பரில் மாநிலங்களவையில் அப்போதைய மின்னணுத் துறை இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் எழுத்துமூலம் தந்த பதிலில் விவரம் வெளியானது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டிருந்தன. சுமார் 1.3 டெராபைட் தரவு, திறக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தது. காரணம், நெட்வொர்க் முறையாகப் பகுக்கப்படவில்லை என்பது. அவ்வளவுதான், ஒரு வரி. பெரிய மாயாஜாலம் ஏதும் அங்கே நடக்கவில்லை. பதிவு கவுண்டரில் இருக்கும் கம்ப்யூட்டர், டாக்டர் அறைக் கம்ப்யூட்டர், எல்லோருடைய விவரமும் இருக்கும் சர்வர் மூன்றும் வெவ்வேறு கூடத்தில் இருந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் சோதனை இருந்திருக்க வேண்டும். அது சரியாக இல்லாவிட்டால் வாசலில் நுழைந்தவன் நேரே பூஜையறைக்கே போய்விடுவான்.

அதே விவகாரத்தில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன இன்னொரு தகவலைப் பலர் கவனிக்கவில்லை. இ-ஹாஸ்பிடல் தரவு முழுவதும், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து எடுக்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. இரண்டு வாரத்தில் பெரும்பாலான வேலைகள் பழைய நிலைக்கு வந்தன. ஆக, ஒரே கட்டடத்தில் ஓர் அடுக்கு கைவிட்டது, இன்னோர் அடுக்கு காப்பாற்றியது. காப்பாற்றிய அடுக்கு அதிக விலை கொண்டது என்பதால் தப்பவில்லை. வந்தவன் கை அதுவரை எட்டவில்லை, அதனால் தப்பியது. இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் இருக்கிறது. எத்தனை அடுக்கு என்று எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. ஒன்று விழும்போது அது அடுத்ததையும் இழுத்துக்கொண்டு விழுமா என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு ஒரு கோட்பாடே உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ரீசன் என்பவர், விமான விபத்து, அணு உலை விபத்து, ஆஸ்பத்திரியில் மருந்து மாறிப்போவது போன்றவற்றை ஆராய்ந்தார். எந்தப் பெரிய விபத்தும் ஒரே ஆளின் ஒரே தவறால் நடப்பதில்லை என்பது அவர் கண்டது. பாதுகாப்பு ஏற்பாடு ஒவ்வொன்றும் ஓட்டை விழுந்த சுவிஸ் சீஸ் துண்டு மாதிரி. பல துண்டுகளை வரிசையாக நிறுத்தினால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மறைக்கும். என்றைக்காவது எல்லா ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டால் அன்றைக்கு விபத்து. உலகமெங்கும் மருத்துவமனைகளிலும் விமான நிறுவனங்களிலும் இதைப் படமாகவே போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் வஞ்சிரமும் விற்கிற சந்துக்குப் பக்கத்திலேயே, தூதரக வீட்டுச் சமையற்காரர்கள் வந்து வாங்கும் சீஸ் கடைகளும் உண்டு. அந்தக் கடைக்காரரிடம் கேட்டால் ரீசன் படத்தில் காட்டாத ஒன்றைச் சொல்வார். ஒரே கட்டியில் அடுத்தடுத்து அறுத்த துண்டுகளை எடுத்து அடுக்கிப் பாருங்கள், ஓட்டைக்கு நேரே ஓட்டை நிற்கும். வெவ்வேறு கட்டியில் அறுத்தால்தான் ஒன்று இன்னொன்றை மறைக்கும்.

பாதுகாப்புச் சாதனம் விற்க வருகிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை. ஆன்டிவைரஸ், ஃபயர்வால், கிளவுட் பேக்கப் மூன்றையும் ஒரே பாக்கெட்டில், ஒரே பாஸ்வேர்டில், ஒரே ஆப்பில் தருகிறோம் என்பார்கள். வசதிதான். ஆனால் அந்த ஒரு பாஸ்வேர்டு போனால் மூன்றும் போயிற்று.

உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஓர் அடுக்கைப் பற்றிச் சொல்கிறேன். யு.பி.ஐ. 2016-ல் வந்தது. கொஞ்ச காலம் எல்லோரும் வாடிக்கையாளர் நீட்டிய போனைப் பார்த்து, பச்சை டிக் தெரிகிறதா என்று பார்த்துப் பொருளைக் கொடுத்தோம். பிறகு போலி ஸ்கிரீன்ஷாட் வந்தது. பணம் போனது போலவே திரை காட்டும் போலி ஆப்களும் வந்தன. இதற்கு மார்க்கெட் கண்டுபிடித்த மருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி. சவுண்ட்பாக்ஸ். கூட்ட நேரத்தில், மீன் வெட்டும் சத்தத்துக்கு நடுவே, 'பய்யா, ஹோ கயா' (அண்ணா, அனுப்பியாச்சு) என்று ஒருவர் போனை ஆட்டிக்காட்டினால் நீங்கள் அவர் போனைப் பார்ப்பதே இல்லை. பெட்டி தொகையைச் சொன்னால்தான் பை கை மாறும். ஏன்? அந்தப் பெட்டிக்குள் தனி சிம் இருக்கிறது. அது பணம் வந்த சேதியை நேரே சர்வரிலிருந்து கேட்டுச் சொல்கிறது. ஏமாற்ற நினைக்கிறவன் கையில் இருக்கும் போனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்னொரு வழியாக வரும் சாட்சி அது. கணினிப் பாதுகாப்பு பற்றி எழுதப்பட்ட தடித்தடிப் புத்தகங்களின் சாரத்தை நீங்கள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் நடைமுறைப்படுத்தி வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பெட்டிக்கும் ஓட்டை உண்டு. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் இரவோடு இரவாகக் கடைகளின் க்யூஆர் ஸ்டிக்கர்மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். பணம் வேறெங்கோ போனது. அப்படி நடந்தால் பெட்டி பொய் சொல்லாது, சும்மா இருக்கும். கூட்ட நேரத்தில் அது சும்மா இருப்பதைக் கவனிக்க ஆள் வேண்டும். கஜுராஹோவில் வாடிக்கையாளர்தான் திரையில் வேறு பெயர் வருகிறதே என்று சொல்லியிருக்கிறார். காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பது ஊதுவத்தி ஏற்றுவதைவிடக் குறைந்த நேரம் பிடிக்கும் வேலை.

இப்போது கும்பகோணத்துக்குப் போவோம். இந்த அரங்கில் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். சிட்டி யூனியன் பேங்க் 1904-ல் கும்பகோணம் பேங்க் என்ற பெயரில் தொடங்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் ஸ்விஃப்ட் என்ற செய்தி வலையைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு முறை பணம் போகும்போதும் போயிற்று என்று ஒரு ஒப்புகை வரும், பிரிண்டரில் அச்சாகி விழும். 2018 பிப்ரவரி 6 அன்று அந்த வங்கியில் இந்தப் பிரிண்டர் வேலை செய்யவில்லை. தாக்கியவர்கள் அதை முடக்கியிருந்தார்கள். அன்று வங்கி அனுப்பாத மூன்று பணவிடைகள் வங்கியின் பெயரில் கிளம்பின. ஐந்து லட்சம் டாலர் நியூயார்க் வழியாக துபாய்க்கு, மூன்று லட்சம் யூரோ பிராங்ஃபர்ட் வழியாக துருக்கிக்கு, பத்து லட்சம் டாலர் நியூயார்க் வழியாக சீனாவுக்கு. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இருபது லட்சம் டாலர்.

மறுநாள் கணக்கு ஒத்துப் பார்க்கும்போது விஷயம் வெளியே வந்தது. நம் அனுப்புப் பட்டியலில் இல்லாத மூன்று தொகை அந்தப் பக்கக் கணக்கில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார், அதிலிருந்து ஆரம்பித்தது. துபாய்க்குப் போனது உடனே தடுக்கப்பட்டது. துருக்கித் தொகை அங்கிருந்த வங்கியில் நிறுத்தப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அந்தப் பிரிண்டர். இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கியிலும் இதே கதை. அங்கேயும் பிரிண்டர் நின்றது. பிரிண்டர்தானே, எப்போதும் மக்கர் பண்ணுகிற சாமான் என்று விட்டார்கள். போன பணம் 8 கோடியே 10 லட்சம் டாலர். போகவிருந்தது நூறு கோடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு இடத்திலும் திருடர்கள் பெரிய பூட்டை உடைக்க எடுத்துக்கொண்ட அக்கறையை, சாட்சி சொல்லும் ஒரு பழைய பிரிண்டரை வாயடைக்கவும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த அடுக்கைக் கண்டு அவர்கள் பயந்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. உங்கள் கடையில் சவுண்ட்பாக்ஸ் அரை மணி நேரம் பேசாமல் இருந்தால் சார்ஜ் போயிருக்கும் என்று நினைப்பதற்கு முன் இந்தப் பிரிண்டரை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் கடைசியாகப் பிடித்த அடுக்கு என்ன? தினமும் கணக்கு ஒத்துப் பார்க்கும் பழக்கம். அதில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. செட்டிநாட்டுப் பெட்டியடிகளில் ராத்திரி பேரேடு நேர்பண்ணாமல் விளக்கை அணைத்திருக்க மாட்டார்கள். நம்மில் எத்தனை பேர் இன்று மாலை வங்கிக் கணக்கையும் பில் மிஷின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்? ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று மூன்று மாதம் விடுகிறவர்கள் கை தூக்க வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்தே இன்னொரு சம்பவம், சுருக்கமாக. 2019 செப்டம்பர் 4 அன்று சர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு, அணுமின் கழகத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் தீநிரல் இருப்பதாகத் தெரிவித்தது. அது கூடங்குளம் அணுமின் நிலைய விவகாரம். முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30-ல் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் என்றும், உலையை இயக்கும் வலை அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது என்றும் சொன்னார்கள். மறுத்த அழகை நான் பாராட்டப் போவதில்லை. ஆனால் எய்ம்ஸில் எது இல்லாமல் போயிற்றோ அது அங்கே இருந்தது. இந்த சர்ட்-இன் அலுவலகம் எங்கேயோ இல்லை, இதே லோதி ரோடு சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில்தான் இருக்கிறது.

பிரித்து வைப்பதற்கு அடுத்தது, வேண்டியபோது வெட்டிவிடுவது. 2024 ஜூலைக் கடைசியில் சி-எட்ஜ் என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் பலவற்றுக்கு மென்பொருள் வசதி தருகிற நிறுவனம் அது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உடனே அதன் தொடர்பைத் துண்டித்தது. சுமார் முந்நூறு சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் ஓரிரு நாள் யு.பி.ஐ. செய்ய முடியாமல் திண்டாடினார்கள். திட்டினார்கள். ஆனால் விஷம் நாடெங்கும் பரவாமல் நின்றது. வெட்டிவிட ஒரு கத்தியும், வெட்டத் தெரிந்த ஆளும் இருப்பதும் ஓர் அடுக்குதான்.

இனி கடைக்குள் வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. மேலே மூலையில் ஒரு வைஃபை ரூட்டர். நாலு கேமரா, அவற்றுக்கு ஒரு டிவிஆர் பெட்டி. பில் போடும் கம்ப்யூட்டர். கல்லாவில் ஓனரின் போன். இதில் எத்தனை அடுக்கு? பார்வைக்கு நிறைய. உண்மையில் ஒன்று.

எப்படி என்று சொல்கிறேன். கேமரா மாட்ட வந்த பையன் வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம் என்று டிவிஆரை இணையத்தில் இணைத்துவிட்டுப் போயிருப்பான். அதன் பாஸ்வேர்டு பெரும்பாலும் கம்பெனி போட்டு அனுப்பியதே. 2016-ல் மிராய் என்ற நிரல் இப்படிக் கம்பெனி பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைப் படையாக வைத்து அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை ஸ்தம்பிக்க வைத்தது. திருடனைப் பிடிக்க மாட்டிய கேமரா திருடனுக்கு வாசலாகிறது என்பது போகட்டும். அதே வைஃபையில்தான் பில் கம்ப்யூட்டரும் இருக்கிறது. கடைக்கு வந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்ததும் அதே வைஃபை பாஸ்வேர்டு. நாடாளுமன்றத்தில் எய்ம்ஸ் பற்றிச் சொன்ன அந்த ஒரு வரி இந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடைக்கும் அப்படியே பொருந்தும். இதைச் சரிசெய்யக் காசு வேண்டாம். இப்போது வருகிற ரூட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கும். கேமரா, வாடிக்கையாளர், கடைப் பையன்கள் போன் எல்லாம் அதில். பில் கம்ப்யூட்டர் மட்டும் மற்றதில். ரூட்டர் மாட்ட வரும் ஆளிடம் நின்று கேட்டு வாங்க வேண்டும். அவர் தானாகச் செய்ய மாட்டார்.

அடுத்து அந்தக் கம்ப்யூட்டர். அதில் இருக்கும் கணக்கு மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதா என்று நான் இந்த அவையில் கேட்கப் போவதில்லை. கள்ளப் பிரதியை ஏற்றும்போது, ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஏற்றவும் என்று ஒரு குறிப்பு இருக்கும். அதை நம்பி நிறுத்துகிறோம். பூட்டைக் கழற்றச் சொன்னவன் யார் என்று யோசிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாக அப்டேட் தருவது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மார்க்கெட்டில் இன்னும் எத்தனை இடத்தில் அது ஓடுகிறது என்று நடந்து போனாலே தெரியும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பூட்டுநிரல் உலகத்தையே ஆட்டி வைத்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டிருந்தது. அப்டேட் போட்டால் மெஷின் ஸ்லோ ஆகும் என்று தள்ளிப்போட்டவர்கள் மாட்டினார்கள்.

இதோடு எனிடெஸ்க். சர்வீஸ்காரர் லக்ஷ்மி நகரில் உட்கார்ந்துகொண்டு உங்கள் கம்ப்யூட்டரை இயக்குவதற்காகப் போட்ட மென்பொருள். நல்ல சாதனம். ஆனால் ஒவ்வொரு முறையும் உங்களைக் கூப்பிட்டு நம்பர் கேட்க வேண்டாமே என்று நிரந்தர பாஸ்வேர்டு வைத்துவிடுவார், அவருடைய எல்லா வாடிக்கையாளர் கடைக்கும் அதே பாஸ்வேர்டு. அவர் போனை யாராவது திறந்தால் இருபது கடை திறந்த மாதிரி. ரிசர்வ் பேங்கே 2019 பிப்ரவரியில் இந்த மென்பொருளின் பெயரைச் சொல்லி எச்சரித்தது. வேலை முடிந்ததும் மூடச் சொல்லுங்கள். மூடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கடைசியாக ஓனரின் போன். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். பேங்க் ஆப், யு.பி.ஐ., ஓடிபி வரும் சிம், இமெயில், வாட்ஸாப்பில் சப்ளையர் ஆர்டர், டிவிஆர் பார்க்கும் ஆப், கூகுளில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் அந்த ஒரு கைக்குள். வங்கி நமக்கு இரண்டு அடுக்கு வைத்திருக்கிறது: ஒன்று பாஸ்வேர்டு, இன்னொன்று ஓடிபி. இரண்டும் ஒரே போனில் இருந்தால் அது இரண்டு அடுக்கா? கல்யாணப் பத்திரிகை, டிராபிக் சலான் என்று வாட்ஸாப்பில் ஒரு ஏபிகே ஃபைல் வருகிறது. தொட்டால் ஓர் ஆப் ஏறுகிறது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறது. கொடுத்தால் ஓடிபி அந்த ஃபைலை அனுப்பிய திருடன் பக்கமும் போகிறது. ஒரே கட்டியில் அறுத்த துண்டு என்றேனே, அது இதுதான்.

மீன் கடைகளில் இன்னொரு கூத்து. ஈரக் கை, செதில் ஒட்டிய விரல். ரேகை வைத்தால் போன் திறக்காது. நாலு முறை வைத்துப் பார்த்து, சலித்து, பூட்டையே எடுத்துவிடுகிறார்கள். அல்லது 'எல்' எழுத்து மாதிரி ஒரு கோடு; கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் அது தெரியும். இதற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஏசி அறையில் உட்கார்ந்து வடிவமைத்தவருக்கு மீன் கழுவுகிற கை ஞாபகம் வரவில்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரிய பணம் இருக்கும் கணக்கை யு.பி.ஐ. கணக்கிலிருந்து பிரியுங்கள். வசூலுக்கு ஒரு கணக்கு, அது கல்லாப் போனில் இருக்கட்டும். ராத்திரி அதில் சேர்ந்ததை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்த இன்னொரு கணக்கின் மொபைல் நம்பர் வேறாக இருக்க வேண்டும், அந்த சிம் ஒரு பழைய பட்டன் போனில், வீட்டில் இருக்க வேண்டும். பட்டன் போனில் ஏபிகே ஏறாது. கல்லாப் போன் தொலைந்தாலும் திருட்டுப் போனாலும் போவது ஒரு நாள் வசூல். பாஸ்வேர்டை எங்கே எழுதி வைப்பது என்று கேட்பீர்கள். ஒரே பாஸ்வேர்டை எட்டு இடத்தில் மனப்பாடமாக வைத்திருப்பதைவிட, எட்டுப் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைப்பது நல்லது என்பது என் கட்சி. நிபுணர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ரஷ்யாவில் இருப்பவன் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது.

இறக்குமதிச் சாமான் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சப்ளையரிடமிருந்து வழக்கமான இமெயில் வருகிறது, வழக்கமான இன்வாய்ஸ். அடியில் மட்டும், எங்கள் பேங்க் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும் என்று இருக்கிறது. இமெயில் உண்மையிலேயே அவர் முகவரியிலிருந்தே வந்திருக்கலாம். அவர் பெட்டிக்குள் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். பதில் இமெயிலில் உறுதி கேட்டால் உறுதியும் வரும், திருடனிடமிருந்து. உங்கள் டைரியில் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் கூப்பிட்டு அவர் குரலைக் கேளுங்கள். இமெயிலில் போட்டிருக்கும் நம்பரில் கூப்பிட வேண்டாம். உள்நாட்டில் அனுப்பும் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டிலும் கணக்கு நம்பரைப் போட்டால் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதைப் பார்க்காமல் பட்டனை அழுத்த வேண்டாம்.

பேக்கப் பற்றி இனி. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று ஒரு விதி உலகமெல்லாம் வழங்குகிறது. இதைப் பிரபலப்படுத்தியவர் கணினி நிபுணர் கூட இல்லை, பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். எடுத்த படம் தொலைந்தால் திரும்ப எடுக்க முடியாது, அந்தக் கவலை. கடைக்கணக்கும் அப்படித்தான், ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த பிறகு மூன்று வருட பில்லைத் திரும்பப் போட முடியாது. மார்க்கெட்டில் நான் பார்க்கும் பேக்கப் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் பின்னால் எப்போதும் குத்தியே இருக்கும் ஒரு பென் டிரைவ். பூட்டுநிரல் வந்தால் முதலில் கம்ப்யூட்டரைப் பூட்டும், அடுத்த நிமிடம் அதையும் பூட்டும். கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். இரண்டு வாங்கி, ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நிரல் மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்தை உலகம் முழுக்க முடக்கியது. நம் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் நின்றது. அந்த நிறுவனத்தின் வலையில் யாருக்கு என்ன அனுமதி என்று வைத்திருக்கும் தலைமை சர்வர்கள் உலகெங்கும் இருந்தன. எல்லாம் அழிந்தன, ஒன்றைத் தவிர. கானா நாட்டில் இருந்த ஒன்று. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. டெல்லி மின்வெட்டைத் திட்டிப் பழகிய நமக்கு இது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அத்தனை பெரிய கம்பெனி பல நாட்டில் பிரதி வைத்திருந்தும், எல்லாப் பிரதியும் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் எல்லாம் சேர்ந்து போயின என்பதைக் கவனியுங்கள். தொடர்பு அறுந்து கிடந்ததுதான் பிழைத்தது. அது தற்செயல். நாம் அதைத் திட்டமிட்டுச் செய்யலாம்.

பேக்கப் எடுப்பவர்களில் பலர் அதைத் திறந்து பார்த்ததில்லை. வருடத்தில் ஒரு நாள், வேறொரு கம்ப்யூட்டரில், போன மாதக் கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடைப் பையன் தவறான லிங்க்கைத் தொட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். திட்டுவார்கள் என்று பயந்து சாயங்காலம் வரை சொல்லாமல் இருக்கிறான். அந்த நாலு மணி நேரத்தில் கணக்கு காலி. உடனே சொன்னால் திட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படி நடந்துகொள்ளும் முதலாளி ஒரு நல்ல அடுக்கு. ரீசனும் இதைத்தான் பெரிதாக வலியுறுத்தினார். தவறு செய்தவனைத் தேடிப் பிடிப்பதில் திருப்தி இருக்கிறது, ஓட்டை அப்படியே இருக்கும். எய்ம்ஸிலும் இரண்டு ஊழியர்களைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். நெட்வொர்க்கைப் பகுக்க வேண்டிய முடிவு அந்த இருவர் கையில் மட்டும் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

எல்லா அடுக்கையும் தாண்டித் திருடன் வந்துவிட்டால் என்ன செய்வது? பணம் போயிருந்தால் 1930 என்ற உதவி எண். வேறு யாரையும் கூப்பிடும் முன் அதைக் கூப்பிடுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும், ஓடி முடிவதற்குள் வழியில் நிறுத்தத்தான் அந்த ஏற்பாடு. பணம் போன நேரம், தொகை, யுடிஆர் எனப்படும் பரிவர்த்தனை நம்பர் கையில் இருக்கட்டும். வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் பேங்க் 2017 ஜூலை 6 அன்று போட்ட விதிப்படி, உங்கள் தவறு இல்லாமல் வெளியார் புகுந்து எடுத்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால், வங்கியிடம் புகார் செய்யும்வரை போனது உங்கள் பொறுப்பு, அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. மணி பார்த்து வைத்துக்கொள்ள இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் பூட்டப்பட்டிருந்தால் முதலில் நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். சர்வீஸ்காரர் வந்ததும் ஃபார்மட் அடித்துத் தருகிறேன் என்பார். அவசரப்பட வேண்டாம். அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, தேதி எழுதி ஓரமாக வையுங்கள். புது டிஸ்க் போட்டு, பென் டிரைவில் இருக்கும் பேக்கப்பை ஏற்றிக் கடையைத் திறங்கள். நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் சில நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' என்ற திட்டத்தில், பல பூட்டுநிரல்களுக்கான சாவிகளை இலவசமாகத் தருகிறார்கள். இன்று சாவி இல்லாத பூட்டுக்கு, அந்தக் கும்பல் பிடிபட்ட பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துச் சாவி வெளிவந்ததும் உண்டு. ஃபார்மட் அடித்த டிஸ்குக்கு அந்தச் சாவியால் ஒரு பயனும் இல்லை.

கேள்விகளுக்குக் கால் மணி ஒதுக்கியிருக்கிறார்கள். ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கை எப்படிப் போடுவது என்று தெரிய வேண்டியவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், இந்த அரங்கத்து ரூட்டரிலேயே போட்டுக் காட்டுகிறேன்.